போதும் ஆயாவின் ஐந்து சாமான்கள்

மலாயாவிலேயே மிகக் குறைந்த சாமான்களோடு குடும்பம் நடத்தும் ஆள் யார் என்று யாராவது போட்டி வைத்தால், நான் நேரே பெம்பானுக்கு அப்பால் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு பஸ் ஏறிப் போய், அங்கே ஆயாக் கொட்டகையில் இருபத்திரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியைக் கையைப் பிடித்து அழைத்து வருவேன். பரிசு அவருக்குத்தான். ஆனால் வாங்கமாட்டார். அதை எங்கே வைப்பது என்று கேட்பார்.

தோட்டத்துப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் போதும் ஆயா. பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகும் பெண்கள் விடியும் முன்பே கைக்குழந்தைகளைக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். மதியம் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதுவரை அந்தக் குழந்தைகளுக்குத் தாய், தகப்பன், போலீஸ் எல்லாமே அவர்தான். அவரும் முன்பு மரம் வெட்டியவர்தான். முழங்காலில் அடிபட்ட பிறகு கொட்டகைக்கு மாற்றினார்கள். அப்போது வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், "ஆச்சு, போதுமான அளவு" என்பார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய அறையில் இருந்தவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு பானை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய், கொடியில் ஒரு சேலை. உடம்பில் இருக்கும் சேலையை நான் சேர்க்கவில்லை. மொத்தம் ஐந்து. நான் பள்ளிக்கூட டீச்சர், எண்ணத் தெரியும். ஆனாலும் சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் எண்ணினேன். கரண்டி இல்லை, டம்ளரே கரண்டி. கத்தி இல்லை, கீரையைக் கையால் கிள்ளுவார், கருவாட்டைக் கல்லில் வைத்துத் தட்டுவார். அரிசியும் கீரையும் கருவாடும் ஒரே பானையில் ஒன்றாக வேகும். விளக்கு கிடையாது. லயத்துச் சுவர் கூரைவரை எட்டாதில்லையா, பக்கத்து வீட்டு வெளிச்சம் மேலே வழிந்து வரும். "அவங்க ஏத்துறாங்க, நான் பாக்குறேன்" என்பார். விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு முதலில் தேநீர். டம்ளர் காலியாகும் வரை ஆயா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் அந்த வீட்டில் யாரும் ஊதி ஊதி ஆற அமரக் குடித்தது கிடையாது.

ஒரு தடவை, மானேஜர் துரையின் மனைவி கொட்டகையைப் பார்க்க வந்தவர், ஆயா தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் பங்களாவிலிருந்து ஒரு நாற்காலி அனுப்பினார். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ஆயா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டுப் பங்களா வரைக்கும் நடந்தார். முழங்கால் வலியோடு. நாற்காலி பிடிக்கவில்லையா என்று தோட்டத்துக் கங்காணியான மண்டோர் மூலமாக அந்த அம்மாள் கேட்டாராம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் உக்காராத நேரமெல்லாம் அது சும்மா நிக்குது. பாக்கப் பாவமா இருக்குன்னு சொல்லுங்க."

மண்டோர் இதை எந்த மொழியில் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதே மண்டோரின் மகள் கல்யாணத்துக்கும் ஆயா வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். போகும்போது சீர் வரிசையில் இருந்த மூன்று பித்தளைக் குடங்களில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"மூணு கொடம் எதுக்கு? தண்ணி ஒரே கொழாயிலதான வருது" என்று கல்யாணப் பெண்ணிடமே கேட்டிருக்கிறார். பதில் சொல்வதற்குள் குடங்கள் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்த இரண்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. "கல்யாணத்துக்கு வந்தவங்க சாமான் கொடுப்பாங்க. இந்தம்மா கொறச்சிட்டுப் போவுது லா" என்று மண்டோர் ஒரு வருடம் புலம்பினார்.

இது எல்லாவற்றிலும் அவர் சொன்னதுதான் சரி என்று நான் எழுத வரவில்லை. அவர் தப்பும் செய்திருக்கிறார். காட்டில் கம்யூனிஸ்டுகளின் சண்டை தொடங்கி, அவசரகாலம் வந்து எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தபோது, அதை வைக்க அவருக்கு இடமில்லை. பெட்டி கிடையாது, அலமாரி கிடையாது, தலையணைகூடக் கிடையாது. வீட்டில் மூடி போட்ட பொருள் பானை ஒன்றுதான். எனவே சோறு இல்லாத நேரம் பானையில் கார்டு இருக்கும், கார்டு இல்லாத நேரம் சோறு இருக்கும். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து இருந்துவிட்டன. தண்ணீர் கொதித்து அரிசியும் போட்டு, கீரை கிள்ளிப் போடும்போதுதான் அவருக்குத் தன் முகம் தெரிந்திருக்கிறது. வெயிலில் காயவைத்து எடுத்த கார்டில் படம் கரைந்து வெறும் புகையாக இருந்தது. கேட்டில் நிற்கும் காவல்காரர்கள் அவரைத் தினமும் பார்ப்பவர்கள் என்பதால் பிழைத்தார்.

இனி என் கதை. நான் மெர்லிமாவில் பிறந்து வளர்ந்தவள். ஏழாம் வகுப்பு வரை படித்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் ஆனேன். கணவர் அங்கேயே ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. மகள் பிறந்து மூன்றாவது மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவளைக் கொட்டகையில் விட வேண்டும். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நான் ஒரு பட்டியல் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் பதினான்கு வகைச் சாமான்களைப் பெரிய பிரம்புக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"என்னா டீச்சரம்மா, வூடு மாறி வர்றீங்களா?"

"பாப்பாவுக்கு வேண்டிய சாமான் ஆயா. லிஸ்ட்டும் வெச்சிருக்கேன்."

"படிங்க."

படித்தேன். துணி, துண்டு, பௌடர், இரண்டு பாட்டில் ஓமத்தண்ணீர், கம்பளிக் குல்லா, கிலுகிலுப்பை இரண்டு என்று முடிவுவரை படித்தேன். ஆயா பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் வேணும்னு பாப்பா சொல்லுச்சா?"

"மூணு மாசக் குழந்தை எப்படி ஆயா சொல்லும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

இரண்டு துணியை மட்டும் எடுத்துக்கொண்டார். "ஒன்னு புள்ள மேல. ஒன்னு கொடி மேல. போதும்."

"மழை பேஞ்சா?"

"கொடியில உள்ளது காயாது."

"அப்ப?"

"அப்ப என் முந்தானை."

மீதிச் சாமான்கள் அன்று மதியமே கூடையோடு வீட்டுக்கு வந்துவிட்டன. தூக்கி வந்தவர்கள் நான்கு பெண்கள். நால்வரும் உள்ளே பார்த்திருக்கிறார்கள். டீச்சர் ஓமத்தண்ணீரே இரண்டு பாட்டில் அனுப்பினார் என்பது சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் விடவில்லை. அடுத்த நாள் வேறு நான்கு சாமான் அனுப்பினேன். நான்கும் திரும்பி வந்தன. எதை அனுப்பினேன், எது திரும்பியது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எழுதினால் கொஞ்சம் பயம் குறையும், அவ்வளவுதான். கிலுகிலுப்பை மட்டும் ஏழு தடவை போய் ஏழு தடவை வந்திருக்கிறது. கொட்டகையில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து விளையாட்டுச் சாமான் ஒரு கொட்டாங்கச்சிதான். யார் உரக்க அழுகிறார்களோ அவர்கள் கையில் அது இருக்கும்.

அந்த வருடம்தான் எங்களை வேலிக்குள் கொண்டுவந்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசியோ டின்னோ கொடுத்துவிடக் கூடாது என்று, காட்டோரம் இருந்த லயங்களைக் காலி செய்து எல்லாரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலி போட்டுக் குடிவைத்தார்கள். நாலு குடும்பத்துக்கு ஒரு லாரி. எங்கள் வீட்டுக்கே லாரி இரண்டு தடவை வந்தது. ஆயா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லாரிக்கு முன்னால் நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் புது அறையில் சோறு வடித்துச் சாப்பிட்டுத் தட்டும் கழுவியிருந்தார்.

வேலி வந்த பிறகு கெடுபிடி கூடியது. வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் கண்ணெதிரே அதில் ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும். ஓட்டை போட்ட டின்னைக் காட்டில் சேர்த்து வைக்க முடியாதல்லவா. அதுவும் ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு பால் டின்தான்.

இங்கேதான் என் தப்பைச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே என் கட்டிலுக்கு அடியில் ஒன்பது பால் டின்கள் இருந்தன. எனக்குத் தாய்ப்பால் குறைந்துகொண்டு வந்தது. ரோடு அடைத்துவிடுவார்கள், கடை மூடிவிடுவார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பெம்பானுக்குப் போகும்போதெல்லாம் ஒரு டின் வாங்கினேன். ஒன்று இருந்தால், அது தீர்ந்தபின் என்ன என்று தோன்றும். இரண்டு இருந்தால், ஒன்று கெட்டுப்போனால் என்ன என்று தோன்றும். இப்படியே ஒன்பது. முதலில் வாங்கியதை முதலில் உடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு டின்னின் லேபிளிலும் சிவப்புப் பென்சிலால் நம்பர் போட்டு, பழைய உலக வரைபடத்தைச் சுற்றி மூடி வைத்திருந்தேன். என் கணவருக்குத் தெரியாது. சட்டம் வந்த அன்றே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்களே என்று ஒரு நாள் தள்ளினேன். அடுத்த நாள், ஏன் நேற்றே கொடுக்கவில்லை என்று கேட்பார்களே என்று தள்ளினேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை ஒரு மூட்டை அரிசிக்காகப் பிடித்துப் போனார்கள் என்ற செய்தி வந்தபின் தள்ளுவதைத் தவிர வேறு வழியே இல்லாமல் போயிற்று.

எதையாவது ஒளித்து வைப்பவர்கள் அதை எழுதி வைக்கமாட்டார்கள். நான் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன்: கட்டிலடியில், பால் டின் 9.

ஒரு நாள் விடியற்காலை, ஆள் எண்ணும் நேரத்தில் மண்டோர் சொன்னார்: "மத்தியானம் போலீஸ் வருது. வூடு வூடா சோதன. எல்லாரும் கதவத் தொறந்து வெச்சிட்டு நில்லுங்க."

அன்று நான் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று தெரியாது. இடைவேளை மணி அடித்ததும் கொட்டகைக்கு ஓடினேன். ஆயா ஒரு குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன?"

"ஒம்பது."

"புள்ள எத்தன ஒங்களுக்கு?"

"ஒன்னுதானே ஆயா. தெரியாதா?"

"அப்ப எட்டு எதுக்கு?"

நான் அழ ஆரம்பித்தேன். என் அழுகையைக் கேட்டுக் கொட்டகையில் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆயா எழுந்து கொட்டாங்கச்சியை என் கையில் கொடுத்தார்.

"பாத்துக்குங்க. வந்துடுறேன்."

என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி நடந்தார். கால் மணி நேரம் இருக்கும். ஒரு கொட்டாங்கச்சியை வைத்துக்கொண்டு இருபத்தொரு குழந்தைகளிடம் நான் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது ஆயா தலையில் என் பிரம்புக் கூடை. அதில் டின்கள், டின்கள் மேல் துணி, துணி மேல் என் மகள். குழாயடியில் காவலுக்கு நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் கழுத்து நரம்பு புடைக்க வரும் ஆயாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"என்னா ஆயா, பாப்பா அம்புட்டு கனமா?"

"டீச்சர் புள்ள தம்பி. எல்லாமே கூடுதலாத்தான் இருக்கும்."

உள்ளே வந்து கூடையை இறக்கி, "இதுக்காச்சும் ஒதவுச்சு" என்றார். பிறகு ஒரு பெரிய ஆணியையும் கல்லையும் எடுத்து ஒவ்வொரு டின்னாக ஓட்டை போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் நம்பர் போட்ட வரிசையிலேயே எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை, கை அப்படித்தான் எடுத்தது. எட்டு முடிந்ததும் ஒன்பதாவதில் சின்னதாக ஒரே ஓட்டை போட்டு என்னிடம் நீட்டினார்.

"இது பாப்பாவுக்கு. வூட்டுல மேசை மேல வைங்க. கட்டிலுக்கு அடியில வேணாம்."

அன்று கொட்டகையில் பல் முளைத்த அத்தனை பேருக்கும் பால். மதியம் மரம் வெட்டித் திரும்பிய பெண்களுக்கும் ஆண்களுக்கும் பால் போட்ட தேநீர். வீட்டுக்கு வீடு டம்ளரோடு வந்து வாங்கிக் குடித்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு ஆயா ஒரே பதில்தான் சொன்னார். "குடி." காலி டின்களின் மேல் தகட்டை வெட்டி, வெந்நீர் ஊற்றி அலசி அதையும் கொடுத்துவிட்டு, எட்டையும் கழுவிக் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். அங்கேதான் அவர் பிசகினார். சுத்தமாகக் கழுவி வைத்தால் கண்ணில் படாமல் இருக்குமா?

போலீஸ் லாரி வந்தது. ஒரு மலாய்ச் சார்ஜன், அவரோடு பத்துப் பேர். எங்கள் வீட்டில் கட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். உலக வரைபடம் மட்டும் இருந்தது. மேசை மேல் ஓட்டை போட்ட டின் ஒன்று. சார்ஜன் தலையாட்டிவிட்டு வெளியே போனார். எனக்கு மூச்சு வந்தது.

நான்கு வீடு தள்ளி ஆயாவின் அறை. சார்ஜன் உள்ளே போனார், உடனே வெளியே வந்தார். கதவில் இருந்த நம்பரைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று மண்டோரிடம் கேட்டார்.

"இருக்காங்க துவான். இவங்கதான்."

"பாராங் மானா?" என்றார் சார்ஜன். சாமான் எங்கே என்று அர்த்தம்.

ஆயாவுக்குத் தெரிந்த மலாய்ச் சொல் ஒன்றே ஒன்று. போதும் என்பதற்கு மலாயில் சுக்குப்.

"சுக்குப்" என்றார் ஆயா.

"சாமானையெல்லாம் யாரிடம் கொடுத்தாய்?"

"சுக்குப்."

"என்னைக் கேலி செய்கிறாயா?"

"சுக்குப்."

சார்ஜன் மேல் தவறில்லை. அதிகமாக வைத்திருப்பவர்களைப் பிடிப்பது அவருக்குத் தெரியும். ஒன்றுமே இல்லாத வீட்டை அவர் பார்த்ததில்லை. ஒன்று, எல்லாவற்றையும் காட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இல்லை, எந்த நிமிடமும் காட்டுக்குக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். கார்டைக் கேட்டார். ஆயா பானையைத் திறந்து, முகமில்லாத கார்டை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் கொட்டகைப் பக்கமிருந்து எட்டு டின்களையும் அள்ளிக்கொண்டு வந்து வைத்தார்.

இந்த டின் எங்கிருந்து வந்தது என்று சார்ஜன் கேட்டபோது, சுற்றி நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. மகள் என் தோளில் இருந்தாள். ஆயா "சுக்குப்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

லாரியில் ஏறச் சொன்னார்கள். மாற்றுத் துணி ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் சார்ஜன். "எடுத்துக்கிற மாரி அங்க ஒன்னும் இல்ல துவான்" என்றார் மண்டோர், குடங்களை மறந்து. ஆயா ஏறி, பெஞ்சு இருந்தும் லாரித் தரையில் உட்கார்ந்தார்.

அப்போது ராசம்மா என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு யோசனை வந்தது. சாமான் இல்லாததுதானே குற்றம், வைத்துவிட்டால்? சார்ஜன் லாரி ஓட்டுநரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த அறையில் இரண்டு தலையணை, ஒரு தகரப் பெட்டி, ஒரு கடிகாரம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, மண்டோர் மகளின் குடங்களில் ஒன்று எல்லாம் வந்துவிட்டன. சார்ஜன் எட்டிப் பார்த்துத் திகைத்து நின்றார். நாங்கள் எல்லாரும் அப்பாவிகளாக நின்றோம். லாரியிலிருந்து ஆயா கத்தினார்.

"அது ஒன்னும் என்னுது இல்ல. கண்ணாடி ராசம்மாவுது. ஏய் ராசம்மா, மொதல்ல எடுத்துட்டுப் போ லா, ஒடஞ்சிடப் போவுது."

அதற்கு மேல் வேறு யோசனை யாரிடமும் இல்லை. நான் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். போகும்போது கொடுப்பது என்று முடிவு செய்தேன், வாசலில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கணவரின் வேலை போகும். என்னையும் ஏற்றிப் போனால் மகள் என்ன செய்வாள்? கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழித்தால் எதிர்ப் பக்கமும் கழன்று வரும். நோட்டை அப்படியே கொண்டுபோய்ச் சார்ஜனிடம் நீட்டினேன்.

"சிக்கு, இது என்ன?" என்றார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்லச் சொன்னார்.

கடைத்தெருவில் கற்ற என் அரைகுறை மலாயில் படித்தேன். துணி ஆறு போனது, நான்கு வந்தது. பௌடர் போனது, வந்தது. குல்லா போனது, வந்தது. கிலுகிலுப்பை போனது, வந்தது. மறுநாள் கிலுகிலுப்பை போனது, வந்தது. நான்கு பக்கம் படித்ததும் கான்ஸ்டபிள்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். "எங்க வூட்டுத் தலகாணியயும் திருப்பிக் கொடுத்தாங்க துவான்" என்றாள் ஒருத்தி. மண்டோர் நாற்காலிக் கதையை நடித்தே காட்டினார். சார்ஜன் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் தொட்டு, இது என்ன என்றார்.

பௌடர் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது.

"கட்டிலடியில், பால் டின் ஒன்பது. அந்த எட்டும் என்னுடையது. சட்டம் வருவதற்கு முன்னால் வாங்கியது. இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து குடித்தோம்" என்றேன்.

கூட்டத்தில் என் கணவர் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்றார் சார்ஜன்.

"ஒன்று."

"பிறகு எதற்கு ஒன்பது?"

அன்று இரண்டாம் தடவையாக அந்தக் கேள்வி. எனக்குத் தெரிந்த மலாயில் ஒரு சொல்தான் வந்தது. "தாக்குட்." பயம்.

சார்ஜன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். என் மகளைப் பார்த்தார். எட்டு டின்களையும் சாக்கில் போட்டுக்கொள்ளச் சொன்னார். என் பெயரை எழுதிக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கேள்வி கேட்கமாட்டேன் என்றார். பிறகு லாரியைப் பார்த்து, அந்தத் தேநீர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மண்டோர் மொழிபெயர்த்தார். ஆயா லாரியிலிருந்து இறங்கிச் சேலையைத் தட்டிக்கொண்டார்.

"தண்ணி இருக்கு, தூள் இருக்கு. டீச்சரம்மா, அந்த ஒன்னையும் கொண்டாங்க."

மேசை மேல் இருந்த ஒன்பதாவது டின்னைக் கொண்டுவந்து கொடுத்தேன். மண்டோர் டம்ளர் எடுத்துவர ஓடினார். "எதுக்கு? அதான் ஒன்னு இருக்குல்ல" என்று ஆயா தடுத்துவிட்டார். சார்ஜன் முதலில் குடித்தார். ஆயா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டம்ளர் கழுவப்பட்டது. அடுத்தவர். டம்ளர் கழுவப்பட்டது. பதினொரு பேரும் குடித்து முடிக்கையில் வெயில் இறங்கிவிட்டது. இருட்டுவதற்குள் லாரி பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். சோதனை போடாமல் இரண்டு லயங்கள் மிச்சம். அவற்றில் என்னென்ன இருந்தன என்பதை நான் எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது என் கணவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"ஒம்பதா?"

பொழுது சாய்வதற்குள் பாப்பாவின் டின்னும் போய்விட்டதே என்று எங்கள் வாசலில் ஐந்து டம்ளர் பால் வந்து நின்றது, ஐந்து வீடுகளிலிருந்து. ஐந்து போதுமா என்று நான் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் இருக்கும். இப்போது மலாக்கா பக்கம் கெடுபிடி தளர்ந்துவிட்டது. கணவருக்கு மெர்லிமாவில் வேலை. இரண்டாவது குழந்தைக்காக அலமாரி முழுக்கச் சாமான் அடுக்கியிருக்கிறேன். நான் திருந்தவில்லை. ஓமத்தண்ணீர் மட்டும் ஒரு பாட்டிலாகக் குறைத்திருக்கிறேன்.

போன மாதம் ஆயாவைப் பார்க்கப் போனேன். ஒரு புது டம்ளர் வாங்கிப் போனேன். அதை எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாகக் குடித்துக்கொண்டே, பழக்கத்தில் அறையை ஒரு சுற்று பார்த்தேன். அடுப்பு மேடையின் ஓரத்தில் மேல் தகடு வெட்டிய ஒரு பால் டின் இருந்தது. அதற்குள் அவருடைய புது அடையாளக் கார்டு. லேபிள் பாதி உரிந்திருந்தது. உரியாத பாதியில் சிவப்புப் பென்சிலில் ஒன்பது என்று என் கையெழுத்து.

"இது எதுக்கு ஆயா?" என்று கேட்டேன்.

"பானையில வெச்சா வெந்துடுது" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "குடிங்க, ஆறிடப் போவுது."

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு தடவை எண்ணினேன். பானை, தட்டு, டம்ளர், பாய், சேலை. ஆறாவதாக, எங்கள் வீட்டு டின்.